சைடு ஸ்டாண்டை நம்பாதே, தம்பி

அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு உன் ஆர்15 பைக்கைக் குட்டியானை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றாய். டயர் பிரஷர் எவ்வளவு வைக்கலாம், எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிக்கலாம் என்றெல்லாம் கேட்டாய். வண்டியை எப்படிக் கட்டப்போகிறாய் என்று நான் கேட்டதற்கு மட்டும், "டிரைவர் அண்ணன் கயிறு வச்சிருப்பாருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். திருச்சியில் விடிகாலை மூன்று மணிக்கு ஏற்றினோம். சைடு ஸ்டாண்டில் சாய்த்து, ஹேண்டில்பாரைச் சுற்றி நைலான் கயிறு, சீட்டுக்கு மேல் இன்னொரு சுற்று. கையால் ஆட்டிப் பார்த்தால் அசையவே இல்லை. விக்கிரவாண்டி டோலில் இறங்கிப் பார்க்கிறேன், ஸ்டாண்ட் தகரத்தில் கோடு இழுத்துக்கொண்டு நகர்ந்திருக்கிறது. இடது ஃபேரிங் பக்கப் பலகையில் உரசி உரசி, உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போய்விட்டது. கிளட்ச் லீவர் வளைந்து கிடந்தது. அந்த அண்ணன் அக்கறையாகத்தான் கட்டினார், ஆனால் மூட்டை கட்டுகிற மாதிரி கட்டினார். மூட்டைக்கு ஸ்பிரிங் கிடையாது, பைக்குக்கு உண்டு.

இதை முதலில் மனதில் வாங்கிக்கொள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது முன் ஃபோர்க் அமுங்கும். அமுங்கினால் கட்டு தொளதொளவென்று ஆகும், கொக்கி கழன்று விழும். இதற்கு நல்ல வழி, ஃபோர்க்கை முன்கூட்டியே அமுக்கி வைத்துக் கட்டுவதுதான். அப்போது ஸ்பிரிங் எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், பெல்ட்டும் இறுக்கமாகவே இருக்கும். உன் வண்டியின் முன் சஸ்பென்ஷன் 130 மி.மீ. ஏறி இறங்கும். அதில் 40 முதல் 60 மி.மீ. வரை அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கிவிடாதே. அப்புறம் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராகப் பெல்ட்டுக்கும் கொக்கிக்கும் போகும். சைடு ஸ்டாண்டை மடக்கிவிடு. பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தியபடி கொண்டுபோகவே கூடாது. வண்டி தன் இரண்டு டயரிலும் நேராக நிற்க வேண்டும்.

கயிறு வேண்டாம். நைலான் இழுபடும். நான்கு பாலியஸ்டர் ராட்செட் பெல்ட் வாங்கு, கூடவே நான்கு சாஃப்ட் லூப், அதாவது பட்டை வளையம். வாங்கும்போது பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளைப் படி. பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் பெல்ட் அறுந்துபோகும் எடை. பாதுகாப்பாகத் தாங்கும் எடை அதில் மூன்றில் ஒரு பங்குதான். லேபிளே இல்லாத பெல்ட்டைத் தொடாதே. உன் பைக் சுமார் 142 கிலோ. அமெரிக்காவில் சரக்குக் கட்டும் விதிகளில், பிரேக் பிடித்தால் எடையில் 80 சதவீதம் முன்பக்கமாகத் தள்ளும், பக்கவாட்டில் 50 சதவீதம் தள்ளும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதாவது லாரி குறுக்கே வந்து டிரைவர் சடாரென்று பிரேக் அடித்தால், கேபின் பக்கம் 110 கிலோவுக்கு மேல் பாயும்.

ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும், நீ தனியாக முயற்சி செய்யாதே. அகலமான, கனமான பலகை, ஏழெட்டு அடி நீளம். வண்டியை ஓட்டி ஏற்றாதே, தள்ளி ஏற்று. நடுவில் பின்னால் உருண்டால் முன் பிரேக் மட்டும் நிறுத்தாது, டயர் வழுக்கும். முதல் கியரில் கிளட்சைப் பிடித்துக்கொண்டே போ. உருண்டால் கிளட்சை விடு, பின்சக்கரம் நின்றுவிடும். குட்டியானையின் பெட்டி சுமார் 7 அடி, உன் பைக் ஆறரை அடி. நேராக நடுவில் நிற்கும், பின் கதவும் மூடும். முன்சக்கரம் கேபின் பக்கச் சுவரில் முட்டி நிற்கட்டும். சக்கரத்தின் இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து ஆணி அடித்த ஒரு பலகையை வீட்டிலேயே செய்து எடுத்துக்கொண்டு போ, சக்கரம் பக்கவாட்டில் திரும்பாது.

இனி எங்கே கட்டுவது? ஸ்போர்ட்ஸ் பைக்கில் சிக்கலே இதுதான். ஹேண்டில் தனித்தனியாக ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதில் பெல்ட்டைப் போட்டு இழுத்தால் ஹேண்டில் திரும்பிக்கொள்ளும், வலது பக்கம் ஆக்ஸிலரேட்டர் வேறு. அதை விட்டுவிடு. முன் மட்கார்டுக்கு மேல், ஃபேரிங்குக்குக் கீழே குனிந்து பார். இரண்டு ஃபோர்க் குழாயையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கனமான துண்டு தெரியும், மெக்கானிக்குகள் கீழ் டி என்பார்கள். அதைச் சுற்றித்தான் சாஃப்ட் லூப். பிரேக் ஹோஸும் ஒயர்களும் லூப்புக்குள் மாட்டியிருக்கின்றனவா என்று விரலை விட்டுத் தடவிப் பார். இரும்புக் கொக்கி லூப்பில்தான் மாட்ட வேண்டும், பைக்கைத் தொடவே கூடாது. பெல்ட்டும் ஃபேரிங்கில் படக்கூடாது. காற்றில் அதிரும் பெல்ட் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

அங்கிருந்து பெல்ட் இரண்டு பக்கமும் வெளியேயும், முன்னேயும், கீழேயும் போக வேண்டும், சுமார் 45 டிகிரி சாய்வில். வண்டிக்காரரிடம் முன்பே போன் போட்டு, தரையில் ரிங் இருக்கிறதா என்று கேள். பக்கப் பலகைக்கு வெளியே இருக்கும் சின்னக் கொக்கிகள் தார்ப்பாய்க் கயிற்றுக்கானவை, சிலது கையால் இழுத்தாலே வளையும். வேறு வழியில்லாமல் பலகை விளிம்பைத் தாண்டிக் கட்டினால், விளிம்பில் மடித்த சாக்கையோ பழைய ட்யூப் துண்டையோ வை. கூர்மையான தகரத்தில் பெல்ட் ஒரு மணி நேரத்தில் நார் நாராகிவிடும்.

ஒருவர் பைக்கை நேராகப் பிடிக்கட்டும், இன்னொருவர் இடதில் இரண்டு கிளிக், வலதில் இரண்டு கிளிக் என்று மாற்றி மாற்றி இறுக்கட்டும். ஒரே பக்கம் முழுக்க இறுக்கினால் வண்டி அந்தப் பக்கமே சாயும். ராட்செட் உருளையில் இரண்டு மூன்று சுற்று விழுந்தால் போதும், அதிகமானால் சிக்கிக்கொள்ளும். அதனால் முதலில் தொய்வைக் கையால் இழுத்துவிடு. மீதி வாலைச் சுருட்டிக் கட்டு.

பின்பக்கம் இவ்வளவு பாடு இல்லை. பின்சீட் கால்மிதியின் பிராக்கெட்டில் லூப் போட்டு இரண்டு பக்கமும் பின்னோக்கி இழு. வால் துள்ளி நகராமல் பிடித்தால் போதும், முன்பக்க அளவு இறுக்க வேண்டாம். சைலன்ஸர், இண்டிகேட்டர் எதிலும் கட்டாதே. முதல் கியரில் விடு. பைக் கவர் போடாதே, காற்றில் படபடத்துப் பெயிண்டைக் கோடு கோடாக்கும். டூல் பாக்ஸையும் பேடாக் ஸ்டாண்டையும் தனியாகக் கட்டு, சறுக்கி வந்து பைக்கில்தான் மோதும்.

கிளம்பி 15 கிலோமீட்டரில் நிறுத்து. திருச்சியிலிருந்து போனால் சமயபுரம் டோலைத் தாண்டி ஓரமாக நிறுத்தினால் சரியாக இருக்கும். முதல் பள்ளங்களில் லூப் தன் இடத்தில் அழுந்தி உட்கார்ந்திருக்கும், அந்த அளவுக்குப் பெல்ட் தளர்ந்திருக்கும். மறுபடி இரண்டு கிளிக். அப்புறம் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் டீக்கு முன்னால் பெல்ட்டைப் பார். மொத்தம் 300 கி.மீ.க்கு மேல் பயணம், டிரைவர் அண்ணனிடமும் சொல்லிவை, அவருக்கும் கண்ணாடியில் பைக் தெரியும்.

இறக்கும்போதுதான் நிறைய பேர் வண்டியைக் கீழே போடுகிறார்கள். அமுங்கிய ஸ்பிரிங் ஒரு பக்கம் விட்டதும் மறுபக்கம் தள்ளிவிடும். ஒருவர் இரண்டு கையாலும் பைக்கைப் பிடித்த பிறகுதான் ராட்செட்டைத் திற, பின்பக்கம் முதலில், முன்பக்கம் கடைசியில். ராத்திரியே போய்ச் சேர்ந்தாலும் காலையில் இறக்கலாம் என்று அப்படியே அமுக்கி விட்டு வைக்காதே. பெல்ட்டையும் லூப்பையும் வெயிலில் போடாமல் சுருட்டிப் பையில் போட்டு எண்ணி வை, நான்கும் நான்கும் எட்டு. அதே பெல்ட்டில்தான் ஞாயிறு சாயங்காலம் திரும்பி வர வேண்டும், அப்போது உனக்குக் கை ஓய்ந்திருக்கும், இருட்டியும் இருக்கும்.