குடல்வால் அழற்சி: மருந்தா, அறுவைச் சிகிச்சையா?

“ஆபரேஷன் இல்லாமல் மருந்திலேயே சரிசெய்ய முடியாதா, டாக்டர்?” குடல்வால் அழற்சி என்று நாங்கள் கூறியதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி இதுவே. தை முதல் நாள் ஜல்லிக்கட்டுக்கு அவனியாபுரம் ஆயத்தமாகும் நாள்களில், “பொங்கல் முடியட்டுமே” என்ற வேண்டுகோளும் சேர்ந்துகொள்ளும். கேள்வி நியாயமானது. சிலருக்கு மருந்து போதும். யாருக்கு என்பதை ஸ்கேன் பார்த்த பின்னரே கூற இயலும்.

நோய் எவ்வாறு உண்டாகிறது?

பெருங்குடலின் தொடக்கத்தில், வலப்பக்க அடிவயிற்றில், விரல் போல் தொங்கும் சிறு குழாயே குடல்வால். இறுகிய மலத்துணுக்கோ வீக்கமோ அதன் வாயை அடைத்தால், உள்ளே கிருமிகள் பெருகி அது வீங்குகிறது. வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கிப் பின்னர் வலப்பக்கம் இறங்கும். பசியின்மை, குமட்டல், காய்ச்சல் ஆகியனவும் தோன்றலாம். குடல்வால் வெடித்தால் சீழ் வயிற்றுக்குள் பரவி உயிருக்கு ஆபத்தாகும்.

ஆய்வுகள் காட்டுவது

பின்லாந்தில் 530 பேரிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஸ்கேனில் சிக்கலற்ற அழற்சி என உறுதியானவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. ஐந்தாண்டுகளில் 39 விழுக்காட்டினருக்கு அழற்சி மீண்டும் வந்தது. ஏனையோர் அறுவைச் சிகிச்சையின்றியே நலமாயினர்.

அமெரிக்காவில் 1,552 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. அதில் மருந்து பெற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்கு 90 நாள்களுக்குள் அறுவைச் சிகிச்சை நடந்தது. குடல்வாலில் கல் போன்று இறுகிய மலம் இருந்தவர்களிடம் இது 41 விழுக்காடு. சிக்கல்களும் அவர்களுக்கே மிகுதி.

எவருக்கு எது பொருந்தும்?

ஸ்கேனில் கல், சீழ்க்கட்டி, வெடிப்பு ஆகியவை காணப்படாத, உடல்நிலை சீராக உள்ள பெரியவர்களுக்கு மருந்துச் சிகிச்சை ஏற்ற வழியாகலாம். கல் இருந்தால் அறுவைச் சிகிச்சையையே நாங்கள் பரிந்துரைப்போம். வெடிப்போ சீழோ இருந்தால் காலந்தாழ்த்தாத சிகிச்சை வேண்டும். இவ்விரு ஆய்வுகளிலும் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை. ஆகவே இம்முடிவுகளை அவர்களுக்குப் பொருத்துவதற்கில்லை. நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு, அரிதாகக் குடல்வாலில் கட்டி மறைந்திருக்கலாம் என்பதால், மருந்தில் குணமானாலும் மறுபரிசோதனை அவசியம்.

மருந்தைத் தேர்ந்தால் வயிற்றில் தழும்பில்லை; பலர் விரைவில் வேலைக்குத் திரும்புகின்றனர். ஆயினும் அழற்சி மீண்டும் வரக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். நெடுந்தொலைவு ஓட்டுநர்கள், வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுவோர் போன்றவர்கள் வலி திரும்பினால் உடனே மருத்துவமனையை அடைய முடியுமா என்று எண்ணிப் பார்த்தல் நன்று. நுண்துளை அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்தும் சில நாள் ஓய்வும் தேவை. ஆனால் நோய் திரும்பும் அச்சம் அநேகமாக நீங்கிவிடும்.

வீட்டில் செய்யக்கூடாதவை

மருந்துச் சிகிச்சை என்பது மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதன்று. பொதுவாக ஊசி வழியே தொடங்கி, கண்காணிப்புக்குப் பின் மாத்திரையாகத் தொடர்வது அது. “வாய்வுப் பிடிப்பு” என்று கருதி விளக்கெண்ணெய் கொடுப்பதும், எனிமா வைப்பதும், வலி மாத்திரையால் நாள்களைத் தள்ளுவதும் வெடிப்புக்கு வழிகோலலாம். தொடங்கிய ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தவும் கூடாது.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

வீடு திரும்பிய பின் கீழ்க்காண்பவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவு, பண்டிகை என்று பாராமல் வாருங்கள். தேவையெனில் 108-ஐ அழையுங்கள்.

• வலி கூடுதல் அல்லது வயிறு முழுவதும் பரவுதல்
• குளிர்காய்ச்சல்
• தொடர் வாந்தி
• வயிறு பலகைபோல் இறுகுதல்
• கடும் வலி திடீரெனத் தணிந்து, உடல் மேலும் சோர்தல்

இறுதியாகக் கூறியது மிக முக்கியம். குடல்வால் வெடித்த பின்னரும் வலி சற்றே குறையலாம். அதைக் குணம் என்று எண்ணி ஏமாற வேண்டா.

ஸ்கேன் அறிக்கையை எங்களுடன் அமர்ந்து பாருங்கள். “கல் உள்ளதா? வெடிப்பு உள்ளதா? மருந்து பயனளிக்காவிட்டால் அடுத்து என்ன?” என்று தயங்காமல் கேளுங்கள். விடைகளைப் புரிந்துகொண்டு நீங்கள் எடுக்கும் முடிவுக்கு நாங்கள் துணை நிற்போம்.