மின்னூல் பிரசுரிக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

தாமிரபரணிக் கரை ஊர்களைக் குறித்து இணையத்தில் சில வருஷங்களாக நீ எழுதிவந்த வியாசங்களைத் திரட்டி, பதிப்பாளர் எவருடைய தயவையும் நாடாமல் நீயே மின்னூலாகப் பிரசுரிக்க உத்தேசித்திருப்பதாக எழுதி, அதுபற்றி என் அபிப்பிராயம் என்னவென்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் செய். தம் எழுத்துக்களை நாற்பது புத்தகங்களாக அச்சிடத் திட்டம் வகுத்து, அதற்கு வேண்டிய மூலதனத்தைக் கடனாகக் கேட்டு 1920-ஆம் வருஷம் அன்பர்களுக்குச் சுற்றுக்கடிதம் எழுதிய பாரதியார், அத்திட்டம் நிறைவேறக் காணாமலே மறுவருஷம் மறைந்ததை நினைக்கும்போது, காகித விலையும் அச்சுக்கூலியும் இல்லாமல் ஒரு நூல் வெளிவரக்கூடிய காலத்தில் பிறந்த உன் பாக்கியத்தைக் கண்டு எனக்குச் சிறிது பொறாமைகூட உண்டாகிறது. ஆனால் அச்சுக்கூலி இல்லாத இடத்தில், ‘இந்தக் கட்டுரை வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் பதிப்பாளனும் இல்லை. அந்தக் கொடிய காரியத்தை உனக்கு நீயேதான் செய்துகொள்ள வேண்டும்.

முதலில் வரிசையைக் கவனி. ஸ்ரீவைகுண்டத்தைப் பற்றி முதலிலும் பாபநாசத்தைப் பற்றி நெடுநாள் கழித்தும் நீ எழுதியது, உனக்கு எப்போது லீவு கிடைத்தது என்பதைப் பொறுத்த விஷயம். வாசகனுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. ஆறு பாபநாசத்தில் மலையை விட்டிறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று நடந்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிற கிரமம் கண்ணெதிரே இருக்கும்போது, நூலுக்கு வேறு கிரமம் தேடுவானேன்? அப்படி அடுக்கிப் பார்த்தாயானால், நெல்லையப்பர் கோவிலைப் பற்றி மூன்று கட்டுரைகளில் ஒரே சங்கதியைச் சொல்லியிருப்பதும், சேரன்மகாதேவிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஒரு வரியும் எழுதாமல் தாண்டிப் போயிருப்பதும் தாமாகவே தெரியவரும். மூன்றை ஒன்றாக்கு; விட்டுப்போன ஊர்களுக்கு மறுபடியும் போய்ப் புதிதாக எழுது. அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்த வாசகனுக்காக, ஒவ்வொரு கட்டுரையின் தொடக்கத்திலும் ஆற்றின் பெருமையைச் சொல்லியிருக்கிறாய். தனித்தனியே படித்தபோது அது உசிதமாயிருந்தது, நூலில் நான்காம் அத்தியாயத்துக்குள் சலிப்புத் தட்டிவிடும்.

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’மும் 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்து, பின்பு 1950-இல் நூலானதுதானே என்று நீ கேட்கலாம். அவருக்குச் சொல்லவேண்டியது ஒரே ஜீவிதம். அது வருஷக் கிரமத்தில் தானே நடந்துகொண்டுபோயிற்று. உனக்கோ எழுதும்போது நூல் என்ற நினைவே கிடையாது.

ஒரு கட்டுரையில் மட்டும் கை வைக்காதே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் சிக்கி நின்றபோது, ‘நேற்று இரவு’ என்று தொடங்கி நீ எழுதியதைச் சொல்கிறேன். மற்ற இடங்களில் ‘சென்ற வாரம்’, ‘இப்போதைய கலெக்டர்’ என்பனவற்றையெல்லாம் திருத்தத்தான் வேண்டும். இதில் தலைப்பின் கீழே தேதியை மாத்திரம் போட்டுவிட்டு, அந்தப் பதற்றத்தை அப்படியே விட்டுவிடு.

பிறர் பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. உன் கட்டுரைகளுக்கு வாசகர்கள் எழுதிய மறுமொழிகள் அவர்களுக்கே சொந்தம்; சேர்ப்பதானால் சம்மதம் பெற்றுச் சேர். எங்கிருந்தோ எடுத்துப் போட்ட புகைப்படங்களை நீக்கிவிட்டு, நீ எடுத்தவற்றையே வை. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 வருஷம் வரையில் உரிமை அவருடைய வாரிசுகளைச் சேர்ந்ததாகையால், சினிமாப் பாட்டுக்களைத் தாராளமாக எடுத்தாண்டிருப்பதையும் குறைத்துக்கொள்.

எங்கே வெளியிடுவது என்பதில்தான் நீ அதிகம் மயங்குகிறாய் என்று தெரிகிறது. அமேசான் கிண்டிலில் 2016 முதல் தமிழ்ப் புத்தகங்களுக்குத் தனி இடம் உண்டு. இந்திய விற்பனையில் 70 சதவீதம் ராயல்டி வேண்டுமானால், 90 நாள் தவணையாக அவர்களுக்கே ஏகபோகமாகக் கொடுக்க வேண்டும். அந்தத் தவணைக் காலத்தில் அதே எழுத்து, உன் சொந்தப் பக்கம் உட்பட, இணையத்தில் வேறெங்கும் முழுமையாகக் கிடைக்கலாகாது. அந்த நிபந்தனை வேண்டாமென்றால் 35 சதவீதம். மற்றொரு பக்கம், 2013-இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்இபுக்ஸ் அன்பர்கள், உன்னைப்போல் இணையத்தில் எழுதினவர்களின் நூல்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வழங்கிவருகிறார்கள். அந்த உரிமத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால் பிறகு திரும்பப் பெறுவதற்கில்லை என்பதை மட்டும் யோசித்துக்கொள். என்னைக் கேட்டால், கூடுதல் ராயல்டிக்காகப் பழைய கட்டுரைகளை மறைத்துவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவற்றைத் தேடி வந்து படிப்பதாக நீயே எழுதியிருந்தாய். 35 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டு, சொற்ப விலை வை. சும்மா கிடைப்பதை எவன் வாங்குவான் என்கிறாயே, புதிதாய் எழுதிய அத்தியாயங்களுக்காகவும் நீ அமைத்த வரிசைக்காகவும் வாங்குகிறவன் வாங்குவான்.

பிரதியைத் தயாரிக்கையில், தலைப்பு எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் போதுமென்று இராமல், அதைத் தலைப்பு என்றே குறித்துவை. பொருளடக்கம் அதைக் கொண்டுதான் அமைகிறது. ஈபப் வடிவத்தில் படிப்பவனுடைய திரைக்கும் எழுத்தின் அளவுக்கும் தக்கபடி வரிகள் மாறி ஓடுமாதலால், ‘47-ஆம் பக்கம் பார்க்க’ என்பதற்கு அங்கே அர்த்தமில்லை. பெரிய தாளின் அளவில் செய்த பிடிஎஃபைக் கைப்பேசியில் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுத்துப் படிப்பதைப்போன்ற தண்டனை வேறில்லை. வெளியிடுவதற்கு முன்னால், விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நீயே ஒருமுறை படித்துவிடு.

முன்னுரை கேட்டிருக்கிறாய். சேரன்மகாதேவிக்குக் கிழக்கேயுள்ள ஊர்களைப் பற்றி எழுதி முடித்தபின் பிரதியை அனுப்பு. படித்துவிட்டு, எழுதுவதா வேண்டாமா என்று சொல்கிறேன்.

அன்புள்ள,
அண்ணன்