சாரல் வளர்த்த ஊர்

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

குற்றாலம் மலையடிவாரத்து ஊர். உதகை 2,200 மீட்டருக்கு மேலே இருக்க, இது கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆனாலும் ஆனி, ஆடியில் இங்கே குளிர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவில் தாழ்ந்து வழிவிடுவதே காரணம். அந்தக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று தென்காசி வட்டாரமெங்கும் சாரலாகத் தூவுகிறது. மலைமேல் சிற்றாறு பெருகிப் பேரருவியாக விழுகிறது. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் நீர், இடையில் பொங்குமாகடல் என்ற பாறைக்குழியில் விழுந்து வேகம் தணிந்த பிறகே கீழே இறங்கும். அதனால்தான் அருவிக்கு அடியில் தலைகொடுத்து நிற்க முடிகிறது. ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி ஆகியவை சற்றுத் தள்ளி இருக்கின்றன. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் மலைக்கு மேலே.

பேரருவியை ஒட்டிய குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்தது. திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியதோடு, இங்குள்ள குறும்பலாவுக்கும் தனிப் பதிகம் தந்திருக்கிறார். ஆடவல்லானின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை கோயிலுக்குச் சற்று விலகி, தெப்பக்குளத்தருகே நிற்கிறது. இங்கே நடராசர் சுவர் ஓவியமாகவே வழிபடப்படுகிறார். சுற்றுச் சுவர்களிலும் புராணக் காட்சிகள் நிறைந்திருக்கின்றன. ஊரின் மிக அரிய செல்வம் இதுதான்.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யை இயற்றினார். மலைவளம் பாடும் குறத்தியின் வாயிலாக இந்த ஊர் தமிழ்நாடு முழுவதும் அறிமுகமாயிற்று.

இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற மீனவர் ஊர், கடல்நீராடல் நோய் தீர்க்கும் என்று மருத்துவர் ரிச்சர்ட் ரசல் 1750இல் நூல் எழுதிய பின் நீராடல் நகரமாக வளர்ந்தது. அந்த நம்பிக்கை பரவியிருந்த நாட்டிலிருந்து வந்த கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகள், திருநெல்வேலி வெயிலுக்குத் தப்பிக் குற்றாலத்தில் பங்களாக்கள் கட்டித் தங்கினார்கள். சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். 1830களில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இங்கே செடிகொடிகளைத் திரட்டினார். மங்குஸ்தானும் ரம்புட்டானும் இன்றும் சீசன் கடைகளில் கிடைக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் இங்கே குடியேறினார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு வந்து கவிதை பேசிப் போனார்கள். 1954இல் அவர் மறைந்தார். நினைவிடம் குற்றாலத்திலேயே இருக்கிறது.

அருவியில் குளித்ததும் பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. சாரலுக்குப் போகிறவர்கள் சித்திர சபைக்கென்று ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா