கடலலையும் கட்டடமும்

கடியப்பட்டணத்திலிருந்து மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். கட்டடக் கலைப் பட்டப் படிப்பில் சேர விரும்புகிறான். "சாரே, வீட்டுக்குப் படம் வரையப் போகிறவனுக்கு இயற்பியல் எதற்கு? அந்தப் பாடத்தில் ஏன் தேற வேண்டும் என்கிறார்கள்?" என்பது அவன் கேள்வி.

நியாயமான கேள்விதான். ஐந்தாண்டுப் பி.ஆர்க். படிப்பில் சேர மேல்நிலையில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். நாட்டா என்னும் நுழைவுத் தேர்வும் உண்டு. ஆனால் "விதி அப்படி" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வள்ளியாறு கடலில் சேரும் இடத்தில் பிறந்தவனுக்குக் கடலைக் கொண்டே விடை சொல்லலாம் அல்லவா?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூகம்பம் நிகழ்ந்தது. அந்த இடம் நமக்குக் கிழக்கே உள்ளது. கடியப்பட்டணமோ மேற்குக் கடலைப் பார்த்த ஊர். அலை எப்படி இந்தப் பக்கம் வந்தது? ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறையும். ஆகவே, கண்ணாடிக்குள் நுழையும் ஒளி விலகுவது போல, அலையும் இலங்கையையும் குமரி முனையையும் சுற்றி வளைந்து வந்தது. குளச்சலும் கொட்டில்பாடும் அன்று பட்ட துயரத்தை இம்மாவட்டத்தில் அறியாதவர் இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓடிவரும் பாய்பொருள் ஒன்று சுவரில் மோதித் தடைபடும்போது எவ்வளவு அழுத்தம் தரும்? அதன் அடர்த்தியை வேகத்தின் இருமடியால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் போதும். (சுவரின் வடிவத்தைப் பொறுத்த எண் ஒன்றும் உண்டு. ஒப்பிடுவதே நம் நோக்கமாதலால் அதை விட்டுவிடுகிறேன்.) வினாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் புயல் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோகிராம். அழுத்தம் சதுர மீட்டருக்கு 960 நியூட்டன் என்று வரும். வினாடிக்கு வெறும் 5 மீட்டர் வேகத்தில் வரும் கடல்நீருக்கோ அடர்த்தி 1,025. அழுத்தம் ஏறத்தாழ 12,800 நியூட்டன்! 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள சுவரைப் புயல் சுமார் 590 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். கடல்நீர் தள்ளுவதோ ஏழரை டன்னுக்கும் மேல். சைக்கிள் ஓட்டத்தின் வேகத்தில் வரும் நீர் புயலைவிடப் பதின்மூன்று மடங்கு வலியது.

கட்டடக் கலைஞனின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. கடலைப் பார்த்த நீளமான சுவரை முழு விசையும் தாக்கும். கடலுக்குக் குறுக்கே நிற்காமல் அலை வரும் திசையிலேயே நீளும் சுவருக்கு அந்தத் தொல்லை குறைவு. வாசலும் சன்னலும் நேருக்கு நேர் இருந்தால் நீர் உள்ளே புகுந்து மறுபுறம் வெளியேறும். சுவரின் இரு பக்கமும் அழுத்தம் ஓரளவு சமமாகும். கீழ்த்தளத்தைத் தூண்களோடு மட்டும் திறந்து விட்டால் இன்னும் நல்லது. வலை வைக்கவும் இடம் கிடைக்கும்.

இங்கிருந்து கிழக்கே, பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் நடந்தது இன்னும் வியப்பானது. அங்கிருந்த பாலத்தின் கான்கிரீட் மேல்தளங்களை அலை பெயர்த்து உள்நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. அவ்வளவு கனமான தளம் எப்படி நகர்ந்தது? 20 மீட்டர் நீளமுள்ள தளம் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். நீள இடம் வேண்டும் என்பதால் இத்தகைய தளங்களைத் தூண்களோடு இறுகப் பிணைக்காமல், தாங்கிகளின் மேல் அமர்த்தி வைப்பது வழக்கம். அதைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் அதன் எடையும் உராய்வும்தான்.

நீரில் மூழ்கியதும் ஆர்க்கிமிடீஸ் தம் வேலையைக் காட்டிவிடுகிறார்! ஒரு கனமீட்டர் கான்கிரீட் 2,500 கிலோகிராம். அது இடம்பெயர்க்கும் கடல்நீர் 1,025 கிலோகிராம். எடையில் 41 விழுக்காடு போயிற்று. தளத்தின் அடியில் உத்தரங்களுக்கு இடையே காற்று சிக்கிக்கொண்டால் இன்னும் போகும். எடை குறைந்தால் உராய்வும் குறையும். அந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டில் டன் கணக்கில் தள்ளல்! தளம் மேலே எழும்பாமலும் பக்கத்தில் நகராமலும் தடுக்கும் கட்டைகளும் பிணைப்புகளும் எவ்வளவு தேவை என்பது இப்போது விளங்கும்.

அதே நாளில் குமரிக் கடலில் நின்ற 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை அசையவில்லை. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அச்சிலையைச் சமைத்தவர் கணபதி ஸ்தபதி. 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். பீடத்தோடு சேர்த்துச் சுமார் 7,000 டன் கல், அடியில் பாறை. இடுப்பை ஒடித்து நிற்கும் உருவமாயினும், ஈர்ப்பு மையத்திலிருந்து இறக்கிய தூக்குநூல் பீடத்துக்குள்ளேயே விழும்படி அமைத்திருக்கிறார்.

மாணவன் காகிதத்தில் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தான். பிறகு, "கான்கிரீட்டுக்குப் பதில் செங்கல் என்றால், சாரே?" என்று கேட்டான். விடையை நான் சொல்லவில்லை. நீங்களும் செய்து பாருங்கள். ஒரு செங்கல்லை முதல்நாளே நீரில் ஊறவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சோதனை நடக்கும்போதே அது நீரைக் குடித்துக் கணக்கைக் கெடுக்கும். அதைக் கயிற்றில் கட்டி, சுருள்வில் தராசால் வெறும் தொட்டியின் தளத்தில் மெல்ல இழுத்து அளவைக் குறியுங்கள். பிறகு செங்கல் மூழ்கும்வரை நீர் ஊற்றி மறுபடி இழுங்கள். இரண்டு அளவுகளையும் வகுத்து வரும் எண்ணை, செங்கல்லின் அடர்த்தியைக் கொண்டு நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்.