காத்தாடி மேகத்தை வெட்டாது

நம்பிக்கை 1: காற்றாலை மேகத்தை விரட்டுகிறது, அதனால்தான் மழை இல்லை.

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் காற்றாலை இறக்கையை ஏற்றிய நீள டிரெய்லர் ஒன்று ஊர்ந்து போனால் போதும், கிளியனூர் டீக்கடையில் கச்சேரி ஆரம்பம். "தோ போவுது பாரு, இத நட்டுத்தான் வானத்தயே வெரட்டிட்டானுவ" என்பார் ஒருவர். "றெக்க மேகத்த வெட்டிப்புடுதுண்ணே" என்று எடுத்துக் கொடுப்பார் இன்னொருவர். மல்லாட்டை காய்ந்ததற்கும் ஏரி வற்றியதற்கும் டீ ஆறுவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிடும். படித்த பிள்ளைகளும் இதையே வாட்ஸாப்பில் சுற்றவிடுகிறார்கள்.

காற்றை அளக்கும் தொழிலில் காலம் தள்ளியவன் என்ற முறையில் கேட்கிறேன். நம் சுற்றுவட்டாரத்தில் பெரிய காற்றாலை எங்கே இருக்கிறது? ஆரோவில் பக்கம் தண்ணீர் இறைக்கும் சின்னக் காற்றாடிகள் உண்டு, அவ்வளவுதான். 2016இல் தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. இங்கேயும்தான் காய்ந்தது. எந்தக் காத்தாடி வந்து விரட்டியது?

"முப்பந்தல்ல ஆயிரக்கணக்குல நிக்குதே" என்பார்கள். சரி, அங்கேயே போவோம். முப்பந்தல் நமக்குத் தென்மேற்கே கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். நம் ஏரியை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகை மழை. அது வங்கக்கடலிலிருந்து வடகிழக்குக் காற்றோடு வருகிறது. அதாவது மேகம் முதலில் நம்மைத் தாண்டித்தான் தெற்கே போக வேண்டும். நம்மிடம் வராத மேகத்தை முப்பந்தல் எப்படி வழிமறிக்கும்? காற்றாலைகளுக்கு வைகாசி முதல் ஆவணி வரைதான் அறுவடைக் காலம். அடைமழை மாதங்களில் பெரும்பாலான நாள் அவை மந்தமாகத்தான் கிடக்கும். குற்றம் நடந்த நேரத்தில் ஊரிலேயே இல்லாதவனைப் பிடித்துக் கட்டிவைத்து அடிக்கிறோம்.

உயரத்தையும் பாருங்கள். இன்றைய பெரிய காற்றாலையில் இறக்கை நுனி மேலே போகும்போது எட்டுவது 200 மீட்டர் அளவு. இடிமழை மேகத்தின் தலை 12 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும். வாசலில் நின்று பனை விசிறியை வீசி மயிலம் கோயில் கொடியை அசைக்கப் பார்ப்பது போன்ற கதை இது.

பலத்தையும் கணக்குப் போடலாம். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1000 டன் தண்ணீர். அவ்வளவு நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிவிடும் வெப்பம் சுமார் 7 லட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 2 மெகாவாட் காற்றாலை ஒன்று முழு வேகத்தில் இரவு பகலாக ஓடினாலும் ஒரு நாளைக்கு 48,000 யூனிட்தான். ஒரு மில்லிமீட்டர் தூறலுக்கே காற்றாலையின் இரண்டு வார உழைப்பு ஈடாகிறது. இது மேகத்தை மிரட்டுமாம்!

பிறகு ஏன் காற்றாலை இருக்கும் இடமெல்லாம் வறண்டு கிடக்கிறது? காரணத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வழியே வெறும் கையோடு பாய்ந்து வருகிறது. அந்த மழைமறைவுப் பூமி காத்தாடி வருவதற்கு முன்பே வறண்ட பூமி. காற்று பலமாக அடிக்கிறது, நிலமும் மலிவு என்பதால் காத்தாடி அங்கே போனது. மகாராஷ்டிரத்தில் சாங்லி, சதாரா பக்கமும் இதே காற்று, இதே வறட்சி, இதே வதந்தி.

தூத்துக்குடி மாவட்டத்தில் 1986 முதல் காற்றாலை சுற்றுகிறது. 2023 டிசம்பரில் அதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. காத்தாடி மழையைக் கொண்டுவந்தது என்று இப்போது கிளம்பிவிடாதீர்கள். மழைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

காற்றாலை சுற்றுப்புறத்தை எதுவுமே செய்யாதா? செய்யும். சோம்நாத் பைத்யா ராய் என்ற விஞ்ஞானி 2010இல் கலிஃபோர்னியக் காற்றாலைப் பண்ணை ஒன்றின் அளவீடுகளை ஆராய்ந்து எழுதினார். இறக்கைகள் மேல்காற்றையும் கீழ்க்காற்றையும் கலக்கிவிடுவதால் தரையோரம் இரவில் சற்றுச் சூடும் பகலில் சற்றுக் குளிர்ச்சியும் தெரிந்தன. அது பண்ணையை ஒட்டிய தரையோர வெப்பநிலை பற்றிய சமாச்சாரம். மழைக்கு அதில் வேலை இல்லை.

நம்பிக்கை 2: இவ்வளவு மெதுவாகச் சுற்றினால் என்ன மின்சாரம் வரும்?

55 மீட்டர் நீள இறக்கை நிமிடத்துக்கு 14 முறை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 290 கிலோமீட்டரில் பறக்கிறது. 1986இல் முள்ளக்காட்டில் மின்வாரியம் நட்ட பத்துக் காற்றாலைகளும் சேர்ந்தே 550 கிலோவாட். இன்று ஒன்றே 2000, 3000 கிலோவாட்.

நம்பிக்கை 3: நின்றால் அது பழுது.

விநாடிக்கு 3 மீட்டருக்குக் கீழே காற்று இறங்கினால் ஓடாது. 25 மீட்டரைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். மின்தொடரமைப்பில் இடம் இல்லை என்றாலும் நிறுத்தச் சொல்வார்கள்.

நம்பிக்கை 4: கடற்கரைதானே, மரக்காணத்தில் நட்டாலும் ஓடும்.

காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். மாலையில் இதமாக வீசும் கடற்காற்று கணவாய்க் காற்றுக்கு ஈடாகாது. நமக்குத் தாராளமாகக் கிடைப்பது வெயில்.

நம்பிக்கை 5: காற்றும் சூரியனும் சேர்ந்த கலப்புத் திட்டம் வந்தால் 24 மணி நேரமும் மின்சாரம்.

இது விற்க வருகிறவர்கள் கிளப்பிய கதை. மத்திய அரசின் 2018 கொள்கைப்படி, ஒன்றின் திறனில் குறைந்தது 25 சதவீதமாவது மற்றொன்று இருந்தால்தான் அது கலப்புத் திட்டம். பகலில் வெயில், ஆடி மாத இரவில் காற்று, இரண்டுக்கும் ஒரே மின்பாதை. நல்ல யோசனைதான். கார்த்திகை அடைமழையில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. அன்றைக்குச் சேமிப்பு வேண்டும். கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இருக்கிறது, அது போல இன்னும் பல வேண்டும்.

நிலத்தைக் கேட்டு யாராவது வந்தால் மேகத்தைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். ஓடைப் புறம்போக்கில் ரோடு போடுவாயா, ஏரிக்கு வரும் வாய்க்காலை மறிப்பாயா, குத்தகை முடிந்ததும் கான்கிரீட்டை யார் தோண்டி எடுப்பது என்று கேளுங்கள். எழுதி வாங்குங்கள். இந்தக் கேள்விகளுக்குத்தான் அவர்கள் நெளிவார்கள்.

இன்னொன்று. நான் எங்கே போனாலும் சொல்வதுதான், இங்கேயும் சொல்கிறேன். ஊருக்கு ஒரு மழைமானி வையுங்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. பெய்தது என்று தெரிந்தது அங்கே கருவி இருந்ததால். உங்கள் தெருவில் எவ்வளவு என்று கேட்டால் "செம மழ சார்" என்கிறீர்கள். அளக்காத ஊரில்தான் வதந்தி விளையும். பள்ளிக்கூடத்துத் திறந்த வெளியில் ஒரு மானி, ஒரு நோட்டு. தினமும் காலை 8.30க்கு ஒரு பிள்ளை பார்த்து எழுதட்டும். மாதக் கணக்கை ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். பத்து வருடக் கணக்கு சேர்ந்த பிறகும் காத்தாடிமேல் சந்தேகம் இருந்தால் நோட்டோடு வாருங்கள், பேசுவோம். வெறும் வாயோடு வராதீர்கள்.