படிப்பவரா, கேட்பவரா?

ஒரே அறிக்கையை ஒருவர் வரி விடாமல் படிப்பார்; இன்னொருவர் முதல் பத்தியோடு நிறுத்தி, "விஷயத்தைச் சொல்லுங்க" என்பார். இரண்டுமே குறையல்ல. 1940 ஆகஸ்டில், போருக்கு நடுவே, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் அறிக்கைகளைச் சுருக்கச் சொல்லி, புள்ளிவிவரங்களைப் பின்னிணைப்புக்கு அனுப்பினார். அமேசானிலோ ஆறு பக்கக் குறிப்பை எல்லோரும் மௌனமாகப் படித்த பிறகே கூட்டத்தில் பேச்சு தொடங்கும்.

• புது அதிகாரியிடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள்: "மெயிலில் அனுப்பட்டுமா, பிரிண்ட் எடுத்துத் தரட்டுமா, நேரில் சொல்லட்டுமா?" ஊகித்து எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

• யாருக்கு எழுதினாலும் முடிவு முதல் இரண்டு வரியில் இருக்கட்டும்: யார், என்ன, எந்தத் தேதிக்குள். விளக்கம் அதற்குக் கீழே. பொறுமையாகப் படிப்பவருக்கும் இதனால் நஷ்டமில்லை.

• வாட்ஸ்அப் குரல்பதிவு சொல்பவருக்குச் சுலபம். பிறகு தேடுபவருக்குத் திண்டாட்டம். தொகை, தேதி, கணக்கு எண் எழுத்தில்தான்.

• நேரில் பேசி முடித்ததை அன்றே நான்கு வரி மெயிலாக்குங்கள்.

• டிஸ்லெக்சியா (வாசிப்புச் சிரமம்) உள்ளவருக்கு நீளமான பத்திகள் பெரும் சிரமம். வேர்டில் உரக்க வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. அவருக்கு அதைக் காட்டுங்கள். மெதுவாகப் படிப்பவரைக் கூட்டத்தில் அவசரப்படுத்தாதீர்கள். முந்தின நாளே தாளைக் கொடுத்துவிடுங்கள்.