ஏஜென்ட்டுக்கு ஐந்து லட்சமா?

பி.எஸ்சி. நர்சிங் முடித்த மகளுக்கு ஜெர்மனியில் வேலை வாங்கித் தர ஏஜென்ட் 5 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தாய், அந்தியூர்

கொடுக்காதீங்கம்மா. குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். "மொழி வகுப்பும் அதில் சேர்த்தி" என்பார். ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். ஐரோப்பியர்களுக்கு எல்லை தாண்டி வேலை தேட 'யூரெஸ்' என்ற பொது அமைப்பு இலவசமாகவே உதவுகிறது. நமக்கும் 1978 முதல் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது; முதலில் அங்கே பதியுங்கள். அரசு வழி இழுத்தடிக்கும் என்பார்கள். உண்மையில் நாள் பிடிப்பது ஜெர்மன் மொழி. பி2 நிலை தேறாமல் முழு நர்ஸாக அங்கீகாரம் கிடைப்பது கடினம். அதை எந்த ஏஜென்ட்டும் மகளுக்காகப் படித்துத் தர முடியாது. மீறி ஏஜென்ட்டிடம்தான் போவதென்றால், அவருடைய உரிம எண்ணை 'இ-மைக்ரேட்' தளத்தில் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.